அழிக்க: அறுபத்தொன்று

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மூடுபனி
எதிர்க்கரையை எடுத்து ஒளித்துக்கொண்ட காலை.
மார்யுன் ஒரு கட்டளை இட்டாள்,
அழிக்க அல்ல,
அழித்தால் என்னென்ன போகும் என்று கேட்க.

சேர்க்க: பூஜ்யம். மாற்ற: பூஜ்யம்.
அழிக்க: அறுபத்தொன்று.

ஆறு வருடம்
கடல் கூண்டுகளில் சால்மன் முதுகில் ஏறும்
பேன்களை எண்ணிய ஏற்பாடு.
பண்ணைகள் வேறு கம்பெனிக்குக் கைமாறின.
பேன்களுக்கு அது தெரியாது.
சர்வர்களுக்கும் தெரியாது;
படம் அனுப்பாத கேமராக்களுக்காக
இரவெல்லாம் கண்விழித்திருந்து
மாதாமாதம் பில் நீட்டின.

"எல்லாம் நிரலில் எழுதியதுதானே,
ஒரே வரியில் போய்விடும்" என்றான் எய்துன்,
கம்பளிச் சட்டையை முழங்கைக்கு ஏற்றியபடி.
"அதுதான் பயம்" என்றாள்.

அரிசியில் கல் பார்ப்பதுபோல
அறுபத்தொன்றையும் பார்த்தாள்.
பதினேழாவது, ஒரு பெயர்ப்பதிவு.
பண்ணைக்குச் சொந்தமானதே அல்ல;
பக்கத்துத் தீவுக்குப் போகும் படகின் நேர அட்டவணை
யார் கேட்டோ இங்கே வந்து ஒண்டியிருந்தது.
அதற்கு வேறிடம் பார்த்துக் குடிவைத்தாள்.
அறுபது.

முப்பத்தெட்டாவதில் பூட்டு.
தரவுத்தளம். மேலே ஒரு குறிப்பு:
"தொடாதே. என்னைக் கேள். ஹானுஸ்."
ஹானுஸ் வேலையை விட்டு மூன்று வருடம்.
இப்போது பேரன்ட்ஸ் கடலில், இழுவலைக் கப்பலில்.
சாட்டிலைட் போன் இரைச்சலில்
முதலில் அவனுக்கு நினைவே வரவில்லை.
பிறகு சிரித்தான்.
"ஒரு வெள்ளிக்கிழமை, நாலே முக்காலுக்கு
நானே அதை அழித்துத் தொலைத்தேன்.
திங்கட்கிழமை போட்ட பூட்டு அது."

ரகசியம் ஒன்றுமில்லை. தழும்பு.

ஆனாலும் பிரதி எடுத்தாள்.
எடுத்ததோடு விடாமல்
வெற்றிடம் ஒன்றில் அதை எழுப்பி உட்காரவைத்து
போன மார்ச்சில் நான்காம் கூண்டில்
எத்தனை பேன் என்று கேட்டாள்.
சொன்னது.
அப்புறம்தான் நம்பினாள்.

பூட்டைக் கழற்ற ஒரே வரி மாற்றம்.
அதைச் சுன்னேவா படித்துச் சம்மதிக்க ஒரு பகல்.
இடையில் வந்த வெள்ளிக்கிழமையை
வேண்டுமென்றே நழுவவிட்டார்கள்.

கட்டுவது என்போம் நாம்,
வீட்டையும், முடிச்சையும்.
அவள் மொழியில் எப்படியோ, நான் அறியேன்.
ஆனால் கடைசியாய்க் கட்டியதை
முதலில் அவிழ்க்க அவள் கைக்குத் தெரிந்திருந்தது:
வாசலில் மாட்டிய பெயர்,
வந்தவர்களைப் பிரித்தனுப்பிய சுமைப்பங்கி,
சர்வர்கள், பிறகு அவை நின்ற வலை,
வலையைத் தாங்கிய பெருவலை.

செவ்வாய், பத்து மணி.
உறுதிதானா என்றது திரை.
ஒற்றை எழுத்தை ஏற்காது அது,
சம்மதம் முழுச் சொல்லாக வேண்டும்.
தட்டினாள்.

ஏழு நிமிடத்தில் ஐம்பத்தெட்டு போயின.
உள்ளே இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்று
துணைவலை ஒன்று நகர மறுத்தது.
அதற்காகப் பெருவலையும் நின்றது.
யாரும் எதையும் பிடித்து இழுக்கவில்லை.
காபி ஆறியது.
பதினெட்டாம் நிமிடம், தானாகவே,
இரண்டும்.

யார் யார் இருந்தார்கள் என்று
எழுதிவைத்திருந்த நிலைக்கோப்பு மட்டும் மிச்சம்.
அது ஒரு மாதம் இருக்கட்டும் என்றாள்.

அடுத்த மாத பில்லில் பூஜ்யம் இல்லை.
இருபத்தாறு குரோனர்.

ஒரு முகவரி.
எந்த வீட்டுக்கதவிலும் ஒட்டாத வெறும் எண்கள்.
நிரலில் இல்லை, கோப்பில் இல்லை;
என்றோ ஒரு பிப்ரவரி இரவில், அவசரத்தில்,
கையால் எடுத்துவைத்து மறந்தது.
எடுத்தது யார் என்று தேடினாள்.

மார்யுன்.

எய்துன் திரும்புவதற்குள்
ஒரே சொடுக்கில் முடித்திருக்கலாம்.
அவள் அதை முதலில் நிரலில் எழுதினாள்.
பெயர் வைத்தாள். கோப்பில் சேர்த்தாள்.
சுன்னேவாவுக்கு அனுப்பிவிட்டு
சன்னல் பக்கம் திரும்பினாள்;
இன்று எதிர்க்கரை இருந்தது,
அதன்மேல் ஈரமாய் நாலைந்து ஆடுகள்.

அழிக்க: ஒன்று.